நான்காம் எதிரி

நாமக்கல்லில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். கோழித் தீவனக் கடைக்கு மேல்மாடி. கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் எங்கள் பலகையில் தூசு படியும். துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். வாரத்தில் ஒரு வகுப்பு சொற்களுக்கு மட்டும். வங்கிச் சொற்கள், மருத்துவமனைச் சொற்கள், சமையலறைச் சொற்கள் என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரும். குற்றமும் நீதிமன்றமும் என்ற பக்கம் வரும்போது நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அதில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் எங்கள் வீட்டில் புழங்கிய சொல்.

சஸ்பெக்ட், அக்யூஸ்டு, பெயில், ரிமாண்டு, விட்னஸ், வெர்டிக்ட் என்று எழுதி முடிப்பதற்குள் முன்வரிசையில் யாராவது ஒரு பெண் பக்கத்திலேயே தமிழில் பொருள் எழுதிக்கொண்டிருப்பாள். எட்டிப் பார்ப்பேன். அக்யூஸ்டு என்பதற்கு நேராகக் குற்றவாளி என்று இருக்கும். எல்லா வருடமும் இதே தப்பு. எல்லா வருடமும் எனக்குக் கோபம் வரும்.

"அடிச்சிட்டு எழுது. குற்றம் சாட்டப்பட்டவர். சாட்டுனது யாரு, எதுக்குச் சாட்டுனாங்க, நெசமா பொய்யா, ஒன்னும் இன்னும் தெரியாது. தெரியிற வரைக்கும் அந்த ஆளும் உன்னைய மாதிரி, என்னைய மாதிரி ஒரு ஆளுதான்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். ஒரு சொல்லுக்கு இந்த மிஸ் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் நான் காரணம் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன். சேந்தமங்கலம் பக்கத்தில் நடந்த ஒரு வண்டித்தடத் தகராறில் நான் ஏ ஃபோர், நான்காவது அக்யூஸ்டு. அதுவரைக்கும் ஏ ஃபோர் என்றால் எனக்கு ஜெராக்ஸ் கடைத் தாள்தான்.

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது தோட்டம் இரண்டாயிற்று, தடம் மட்டும் ஒன்றாகவே இருந்தது. எங்கள் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிய டிராக்டர் பெரியப்பா தோட்டத்து ஓரமாகப் போய்த்தான் தார் ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு கிழங்கு சீசனில் இருவருக்கும் ஏதோ வாய்த்தகராறு. மறுநாள் பெரியப்பா தடத்துக்குக் குறுக்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். லோடு ஏற்றிய டிராக்டர் அப்படியே நின்றது. பிடுங்கிய கிழங்கைப் போட்டு வைக்க முடியாது. நாள் ஆக ஆக மாவுச்சத்து இறங்கும், ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் எடுக்க மாட்டார்கள்.

அப்பா முன்கோபி. அவரிடமிருந்து எனக்குப் பாகமாக வந்தது இப்போதைக்கு அது ஒன்றுதான். மம்பட்டியை எடுத்துக்கொண்டு கம்பியை வெட்டப் போனார். பெரியப்பா மம்பட்டியைப் பிடித்தார். பெரியம்மா நடுவில் புகுந்து விலக்கினார். மம்பட்டிக் காம்பு பெரியம்மாவின் நெற்றியில் பட்டது. பட்டது என்று நான் எழுதுவது மகள் என்பதால். வீசியவர் அப்பா. பெரியப்பாவுக்கு என்று வீசியது அந்த அம்மாவுக்கு விழுந்தது.

நான் அப்போது அங்கே இல்லை. சேலத்தில் இருந்தேன். காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வும் ஓட்டமும் குண்டு எறிதலும் எல்லாம் தேறி, பெயர் பட்டியலில் வந்து, வேலைக்கு முன்னால் போலீஸ் செய்கிற விசாரணைக்காகக் காத்திருந்த நேரம். சும்மா ஏன் இருக்க வேண்டும் என்று, நான் படித்த பயிற்சி மையத்திலேயே விடுதியில் தங்கிப் புதியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காக்கி போடுவதுதான் பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஒரே ஆசை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் காவலர் விசிலை வாயில் வைத்தபடி லாரியை ஒற்றைக் கையால் நிறுத்தியதை ஒரு நாள் பார்த்தேன். அவ்வளவுதான். வேறு எந்த வேலையும் எனக்கு வேலையாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் அடிதடி என்றால் முதலில் ஓடுகிற இடம் ஸ்டேஷன் இல்லை, ஜி.எச். கட்டிலில் படுத்தால்தான் கேஸ் நிற்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். பெரியம்மாவுக்கு நிஜமாகவே தையல் போட வேண்டியிருந்தது. இன்னொரு வழக்கமும் இருக்கிறது. அடித்தவன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் புகாரில் காரம் இருக்காது. அந்த வீட்டில் யாருக்கு வேலை வரப்போகிறது, யாருக்கு பாஸ்போர்ட் வரப்போகிறது என்று பார்த்து அந்தப் பெயரையும் சேர்ப்பார்கள். அப்போதுதான் எதிராளி இறங்கி வருவான். இதைப் பெரிய பாவம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. குழம்புக்குப் புளி கரைத்து ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிடுவார்கள். என் பெரியப்பாவும் ஊற்றினார். முதலில் அப்பா, அடுத்து அம்மா, மூன்றாவது தம்பி, நான்காவது நான். நான் கல்லால் எறிந்தேனாம். சேலத்திலிருந்து கொல்லிமலை அடிவாரத்துக்குக் கல் எறிகிற கை இருந்திருந்தால் குண்டு எறிதலில் இன்னும் நல்ல மார்க் வாங்கியிருப்பேன்.

அம்மாதான் போன் செய்தாள். "அம்முணி, உங்கப்பனப் புடிச்சுட்டுப் போய்ட்டாங்க. உம்பட பேரையும் எஃப்.ஐ.ஆர்ல சேத்துப்போட்டாங்க சாமி. நீ ஊட்டுப் பக்கம் வந்துறாத."

பயம் வந்தது. அப்பாவை நினைத்து இல்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பட்டியலில் இருந்த என் பெயரை நினைத்துத்தான்.

அப்பாவை ரிமாண்டு செய்து சேலம் மத்திய சிறைக்கு அனுப்பினார்கள். பெயில் கிடைக்கச் சில வாரம் ஆயிற்று. திரும்பி வந்தவர் வேறு ஆள். சத்தம் போட்டுப் பேசுகிறவர் மெல்லப் பேசினார். குளிக்கப் போனால் கதவைத் தாழ் போடமாட்டார். கதவு சாத்தியிருக்கிற அறையில் உட்காரமாட்டார். உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னொருக்கா என்னால அங்க போவ முடியாது" என்றார். தட்டைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கும் அம்மாவுக்கும் தம்பிக்கும் முன்ஜாமீன் கிடைத்தது. வழக்காடுகிற வீடுகளில் அதை ஏ.பி. என்பார்கள். நிபந்தனை, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. எந்த வாசலில் சல்யூட் அடித்து நுழைய வேண்டும் என்று இருந்தேனோ, அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை, பயத்தில் கழற்றினேன். மேசைக்குப் பின்னால் என் வயதுப் பெண் ஒருத்தி காக்கியில் இருந்தாள். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன படிச்சிருக்க?" என்று கேட்டாள். சொன்னேன். "படிச்சுட்டுக் கல்லெறியப் போனியாக்கும்" என்றாள். நான் எறியவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்த ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வருகிற அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று பட்டதும் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து வண்டியை உதைக்கும்போது கண்ணில் நீர் முட்டியது. ஆத்திரத்தில்தான்.

இன்ஸ்பெக்டரிடம் போய் நான் சேலத்தில் இருந்ததைச் சொன்னோம். "எல்லாம் ட்ரையல்ல பாத்துக்கலாம்மா" என்றார். சார்ஜ் ஷீட்டில் என் பெயர் அப்படியே போயிற்று. வேலைக்கான விசாரணையில் வழக்கை மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று என்னை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். என்னோடு தேறினவர்கள் பயிற்சிக்குப் போனார்கள். குட்டையாக வெட்டின முடியும் தொப்பியுமாக வாட்ஸ்அப்பில் படம் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் கைதட்டுகிற பொம்மையை அனுப்பினேன்.

கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. ஆங்கிலத்தில் அக்யூஸ்டு என்கிறவரைக் கோர்ட்டுத் தமிழில் எதிரி என்கிறார்கள். முதல் எதிரி, இரண்டாம் எதிரி. கூப்பிடுகிறவர் வாசலில் வந்து சத்தமாக அழைப்பார். நான்காம் எதிரி என்று காதில் விழும்போதெல்லாம், யாருக்கு எதிரி, எனக்குத்தானே எல்லோரும் எதிரியாகியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் வாய்தா. அந்தச் சொல்லுக்கு மட்டும் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை. இன்றைக்கு இல்லை, இன்னொரு நாள் வா. போனோம், வந்தோம், போனோம்.

சமாதானம் ஒரு கல்யாணத்தால் வந்தது. பெரியப்பாவின் மூத்த மகனுக்குப் பெண் அமைந்தது. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர். அது இல்லாமல் மேற்கொண்டு சடங்கு நகராது. பெரியப்பாவுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். தங்கை முறைக்கு இருந்தது நான் ஒருத்திதான். வெளியிலிருந்து யாரையாவது நிற்க வைக்கலாம்தான். பெண் வீட்டார் முன்னால் அது பெரிய குறைச்சல். ஆக, என்னை நான்காம் எதிரியாக்கிய மனிதர், இணைச்சீர்காரியாக வரச் சொல்லி வெற்றிலைத் தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

பெரியம்மாதான் முதலில் உள்ளே வந்தார். நெற்றியில் தையல் போட்ட தழும்பு குங்குமத்துக்கு மேலே ஓடியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, உங்க பெரிப்பன் பண்ணுனது தப்புத்தான். கேசெல்லாம் ராஜி பண்ணிப்போடலாம். உங்கண்ணனுக்கு நீதான் வந்து நிக்கோணும்" என்றார். அப்பா பெரியப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ராஜி என்ற சொல் காதில் விழுந்ததும், வேலை திரும்ப வந்துவிட்டது என்று மனசு துள்ளியது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

சீருக்கு நின்றேன். கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றேன். சாட்சிகளும் எதிரிகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியப்பா எனக்குத் தானே வந்து இலையில் லட்டு வைத்தார்.

கல்யாணம் முடிந்து நாமக்கல்லில் வக்கீலைப் பார்க்கப் போனேன். அப்பாவைக் கூட்டிப் போகவில்லை. காவலர் பயிற்சியில் இருந்த தோழி ஒருத்தி போனில் ஒன்று சொல்லியிருந்தாள். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"ராஜி ஆயிருச்சே சார், இனிக் கேஸ் எப்படி முடியும்?"

"இந்த செக்சன்ல கோர்ட்டுல ராஜின்னு எழுதி முடிக்க முடியாதும்மா. சாட்சி எல்லாரும் கூண்டுல ஏறி எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லுவாங்க. ஹாஸ்டைல் விட்னஸ். பிறழ் சாட்சி. உங்க பக்கம் பாதி கேஸ் இப்படித்தான் முடியுது. எல்லாருக்கும் விடுதலை."

"விடுதலையில ரெண்டு விதம் இருக்குதாமே?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொன்னா? சரி, உண்மைதான். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை பண்ணுறது ஒன்னு. பெனிஃபிட் ஆஃப் டவுட். இந்த ஆள் மேல குத்தமே இல்லைன்னு விடுதலை பண்ணுறது இன்னொன்னு. ஹானரபிள் அக்விட்டல். வீட்டுக்குப் போறதுக்கு ரெண்டும் ஒன்னுதான். போலீஸ் வேலைக்கு மட்டும் முதலாவது செல்லாது."

"சாட்சி ஹாஸ்டைல் ஆனா எனக்கு எது கிடைக்கும்?"

"முதலாவது."

"நான் அங்கேயே இல்லையே சார். சேலத்துல வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தேன். நூறு பேரு சாட்சி சொல்வாங்களே."

"கேஸ் நடந்தாத்தானேம்மா அதெல்லாம்? அந்தம்மா கூண்டுல ஏறி அடிச்சாங்கன்னு சொல்லணும். நான் குறுக்கு விசாரணை பண்ணி நீ இல்லைங்கிறதைக் கொண்டுவரணும். அப்பத்தான் ஜட்ஜு உன்னைப் பத்தித் தனியா எழுதுவாரு. நடக்காத கேஸ்ல எதை நிரூபிப்ப?"

"ஹைகோர்ட்?"

"அங்க போனாலும் ராஜின்னுதான் போவணும். கறை போவாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "ஒரே வழி, அந்தம்மா உண்மையைச் சொல்லணும். கொழுந்தன் அடிச்சாரு, இந்தப் புள்ள இல்லைன்னு. சொன்னா உனக்கு வேலை. உங்கப்பாவுக்குத் தண்டனை. ரெண்டுல எது வேணுமோ நீயே பாத்துக்கோ."

பஸ்ஸில் வரும்போது கொல்லிமலை கூடவே வந்தது. பெரியம்மாவிடம் போய்க் கேட்டால் சொல்லுவார். நிச்சயம் சொல்லுவார். என்னிடம் அவருக்கு அவ்வளவு பிரியம். தப்பு செய்துவிட்ட உறுத்தல் வேறு. நிறுத்தத்தில் இறங்கி அவர் வீட்டுக்கே நடந்தேன். வாசலில் அவர் புது மருமகளோடு புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "வா சாமி, சோறு உண்ணுட்டியா?" என்றார். எல்லாச் சொல்லும் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது எங்கள் தோட்டத்தில் அப்பா மோட்டார் ரூமுக்குள் போவது தெரிந்தது. கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதைப் பார்த்த பிறகு என்னால் கேட்க முடியவில்லை. இரண்டு கை புளியைக் கொட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவுக்காக நான் விட்டுக் கொடுக்கிறேன், அது அவருக்கே தெரியாது என்று நினைத்தபோது நெஞ்சு வலித்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சாட்சி விசாரணை வந்தது. முதல் சாட்சி பெரியம்மா. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், கோர்ட்டும் ஒரு விசேஷம் என்கிற மாதிரி. நாங்கள் நான்கு பேரும் பின்னால் வரிசையாக நின்றோம்.

அரசு வக்கீல் கேட்டார். "உங்க நெத்தியில காயம் எப்படி ஏற்பட்டுச்சு?"

"கல்லுத் தடுக்கி உழுந்துட்டனுங்க."

"யாரும் அடிக்கலையா?"

"இல்லீங்க. நானாத்தான் உழுந்தேன்."

ஹாஸ்டைல் என்று அறிவிக்க வேண்டும் என அரசு வக்கீல் அனுமதி கேட்டார். இதெல்லாம் எல்லோருக்கும் பழகிப்போன கூத்து. அவரே சலிப்போடுதான், போலீசில் கொடுத்த வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்து, இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டுக்கொண்டு போனார். இல்லீங்க, இல்லீங்க, இல்லீங்க. கடைசி வரிக்கு வந்தார். "நான்காம் எதிரி கல்லால் எறிந்து காயப்படுத்தினார்னு சொன்னீங்களா?"

பெரியம்மா கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். "சாமி சத்தியமா இல்லீங்க! அந்தப் புள்ள அன்னிக்கு அங்க இல்லவே இல்லீங்க. அது சேலத்துல இருந்துச்சுங்க. அதும்பட பேர எங்கூட்டுக்காரரு வேணும்னே சேத்துனாருங்க. பாவமுங்க அது."

யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வாசலோரம் நின்றிருந்த பெரியப்பாவின் முகம் வெளுத்தது. உண்மை, கூண்டுக்குள், சத்தமாக. ஜட்ஜ் தலையை நிமிர்த்தினார்.

அரசு வக்கீலின் சலிப்பு போய்விட்டது. மெல்லக் கேட்டார். "அப்படியா. நான்காம் எதிரி அங்க இல்லை. சரிம்மா. அப்ப அங்க யாரு இருந்தாங்க?"

பெரியம்மா வாயைத் திறந்தார். அவர் கண் எங்கள் வரிசைக்கு வந்தது. அப்பாவின் மேல் நின்றது. என் பக்கத்தில் அப்பா மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சொல்லிவிடுங்கள் என்று என் மனம் கத்தியது. சொல்லாதீர்கள் என்றும் கத்தியது. இரண்டும் ஒரே குரல்தான்.

"எனக்கு ஒன்னுந் தெரியாதுங்க" என்றார் பெரியம்மா.

"யாரு இருந்தாங்கன்னு தெரியாது. யாரு இல்லைங்கிறது மட்டும் நல்லாத் தெரியும். அப்படித்தானே?"

கோர்ட்டில் சிரித்தார்கள். எங்கள் வக்கீல்கூடக் குனிந்துகொண்டு சிரித்தார். பெரியம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவரும் லேசாகச் சிரித்துவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கி, என்னைத் தாண்டிப் போகும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

தீர்ப்பில் அவர் சொன்னதைப் பற்றி ஒரு வரி இருந்தது. சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசியிருப்பதால் அவர் சாட்சியத்தின் எந்தப் பகுதியையும் ஏற்பதற்கில்லை. எதிரிகள் நால்வரும் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்படுகிறார்கள். வாசலில் பெரியப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "நாஞ் சொல்லிப்போட்டேன்ல சாமி, நீ அங்க இல்லைன்னு? இனி உனக்கு வேலதான்" என்றார் பெரியம்மா. அவரைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

வேலை கிடைக்காது என்ற பதில் கொஞ்ச நாளில் வந்தது. எதிர்பார்த்ததுதான் என்றாலும், எதிர்பார்ப்பது ஒன்று, வந்து சேர்வது ஒன்று. வயதும் தாண்டிக்கொண்டிருந்தது. நாமக்கல் மையத்தில் சேர்ந்தேன். வீட்டில், இன்னும் வரவில்லை, வரும், என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெரியம்மா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மடியில் தட்டைக்காய் பறித்துக்கொண்டு வந்தார். வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா டிராக்டருக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். "எப்பச் சாமி காக்கி போடுவ? ஊருல கேக்குறவங்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டாமா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. "நானே வேண்டாம்னுட்டனுங்க பெரிம்மா. டீச்சர் வேலையே போதும்."

அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வேண்டாம்னுட்டியா? புத்தி கெட்டவளே! இதுக்கா நான் கூண்டுல ஏறிச் சாமி சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன்? உம்பட வேலைக்காவத்தானே அத்தன பேரு முன்னால எங்கூட்டுக்காரர உட்டுக் குடுத்தேன்?"

"அவளத் திட்டாதீங்க நங்கையா."

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்பார்கள். அப்பா கிரீஸ் கையோடு நிமிர்ந்திருந்தார். "அவ வேண்டாம்னு சொல்லுல. அந்த வேல போனது என்னாலீங்க. நீங்க நெசத்தச் சொல்லியிருந்தா அவுளுக்கு வேல, எனக்குச் செயிலு. வக்கீலு கல்யாணத்துக்கு முன்னாலயே எங்கிட்டச் சொன்னாருங்க. நாந்தான் உங்ககிட்டச் சொல்லாம கம்முனு இருந்துட்டேன்."

டிராக்டரின் மேல் வெயில் அடித்தது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நான் கூறைச்சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கோர்ட்டில் அவர் என் பக்கத்தில் நின்றபோது, இன்னும் ஆர்டர் வரவில்லை என்று நான் பொய் சொன்ன ஒவ்வொரு தடவையும், அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவருக்குத் தெரியாமல் கொடுத்ததாக நினைத்ததை, அவர் தெரிந்தே வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கொடுத்ததற்காக எனக்கு வருத்தமில்லை. கேட்டிருக்கலாமே, அம்முணி எனக்குப் பயமாயிருக்குது, எனக்காக விட்டுக் குடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் வயிறு எரிந்தது.

பெரியம்மா நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்ப, நாஞ் சொன்ன அந்த ஒரு நெசமும் எடுபடலயா சாமி?"

"எடுபடலீங்க பெரிம்மா."

அவர் மடியில் இருந்த தட்டைக்காயைக் கீழே வைத்துவிட்டு, வண்டித்தடத்தில் இறங்கி நடந்தார். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். கிரீஸ் பிசுக்கேறிய கையைத் துடைக்கவும் இல்லை. கோர்ட்டில் நின்ற மாதிரியே, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கன்ஃபெஷன் என்ற சொல்லும் புத்தகத்தின் அந்தக் குற்றப் பக்கத்தில் இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலம். போலீசிடம் சொன்னால் செல்லாது, மாஜிஸ்திரேட் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சொன்ன பிறகு கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கையக் கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது" என்றேன்.

அப்பாவின் தோள் இறங்கியது. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் கொடுத்தது தீர்ப்பு இல்லை, வாய்தா. அது இன்றுவரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.